ஏழாம் பாத்தியில் விழுந்த கைகள்

புதன்கிழமை காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சிவரூபன் அந்தக் கதையைச் சொன்னான். தேத்தண்ணி பராசக்தி ஊற்றியது, சீனி பராசக்தி போட்டது. இரண்டு மிடறு குடித்துவிட்டு, இன்றைக்கு வெயில் கடுமை என்று சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"அன்ரி, வெள்ளிக்கிழமை ஏழாம் பாத்தியைப் பிடுங்கி எரிக்கப்போறம். கூலிக்கு ஆள் சொல்லியாச்சு."

ஏழாம் பாத்தி என்றால் பராசக்தியின் மிளகாய். மற்றப் பதினொரு பாத்தியிலும் நிற்பவை எங்கெங்கோ இருந்து பொதி கட்டி வந்த இனங்கள். ஏழில் நிற்கிற நாற்பது கன்றுதான் அவள் தெரிந்து வைத்து, அவள் கையால் கொடுத்த விதையில் முளைத்தவை.

"ஏன் தம்பி பிடுங்க? கண்டு பட்டுப்போச்சோ?"

"இல்லை. காய்ப்புக் காணாது. பழம் எண்ணிப் பாத்தா ஏழுதான் கடைசி. பன்னிரண்டிலை பன்னிரண்டாவது."

"ஆர் எண்ணினது?"

சிவரூபன் கோப்பை பிடித்த கையாலேயே மேலே காட்டினான்.

மேலே சப்பறம் நின்றது. கோயில் திருவிழாச் சப்பறம் மாதிரி உயர்ந்து நிற்பதால் அந்தப் பெயரை வைத்தது பக்கத்து வளவு இரத்தினம்மா. காணியின் நாலு மூலையிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்புத் தூண் நட்டு, தூணுக்குத் தூண் தண்டவாளம் மாதிரிக் கம்பி போட்டு, அதிலே ஒரு கமராப் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். காலை ஆறு தொடக்கம் பின்னேரம் ஆறு மட்டும் மணிக்கொரு தடவை அந்தப் பெட்டி முதலாம் பாத்தியிலிருந்து பன்னிரண்டாம் பாத்தி மட்டும் ஊர்ந்து போகும். ஒவ்வொரு பாத்திக்கு மேலும் நின்று படம் எடுக்கும். கன்று எவ்வளவு உயரம், எத்தனை இலை சுருண்டது, எத்தனை காய், எத்தனை பழம் எல்லாவற்றையும் கொம்பியூட்டர் தானே எண்ணிக்கொள்ளும். நல்ல செத்தல் மிளகாய் இனம் ஒன்றைப் பெருக்கிக் கமக்காரருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று பக்கத்துத் திருநெல்வேலியில் வாடகை வீடு எடுத்து இருக்கிற ஒரு திட்டம்தான் இதைக் கொண்டுவந்தது. உடுவிலில் ஒரு பரப்புக் காணி தேடினார்கள். பராசக்தி கொடுத்தாள். காணி கொடுத்ததற்கு அவள் கேட்டது ஒன்றுதான்: "என்ரை மிளகாயும் அதுக்குள்ளை நிக்கவேணும்."

கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருசத்துக்கு முன்னம் இலைச்சுருள் நோய் வந்து அவளுடைய தோட்டம் முழுக்கச் சுருண்டு கிடந்தபோது, வாய்க்கால் ஓரம் ஒரே ஒரு கன்று மட்டும் ஒன்றும் தெரியாததுபோல இலை விரித்து நின்றது. அதில் பழம் எடுத்து விதை வைத்தாள். அடுத்த வருசம் அதில் நல்லதுகளில் எடுத்தாள். அதற்கடுத்த வருசம் அதிலும் நல்லதை. வாசம் இல்லாததைக் கழித்தாள், சுருண்டதைக் கழித்தாள். ஆறு வருசம் இதே வேலை. போன கார்த்திகையில் இருந்த விதையில் பாதியைத் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியைத் தன் தோட்டத்துக்கு நாற்று மேடை போட்டாள். அந்தக் கிழமை கொட்டிய மழையில் நாற்று மேடை அழுகிப்போனது. ஆக இன்றைக்கு அந்த இனம் உலகத்தில் நிற்பதென்றால் அந்த நாற்பது கன்றில் மட்டும்தான். பழம் பழுத்து விதை முற்ற இன்னும் மூன்று கிழமை வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"பழுக்கு மட்டும் பொறுங்கோ தம்பி. விதையை எடுத்துப்போட்டுத் தாறன். பேந்து நீங்கள் எரியுங்கோ, புதையுங்கோ."

"ஏலாது அன்ரி. கழிச்ச பாத்தி மூண்டு நாளுக்கு மேலை நிக்கக்கூடாது. நோய் பரவும், மகரந்தம் கலக்கும். ஒப்பந்தத்திலை நீங்களும் கையெழுத்து வைச்சனீங்கள்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரோ? ஏன் காய்க்கேல்லை எண்டு கேட்டனீரோ?"

"அதிலை கேக்க என்ன கிடக்கு? எண்ணிக்கை எண்ணிக்கைதானே. கொம்பியூட்டருக்கு ஆரின்ரை மிளகாய் எண்டு தெரியாது, அதுக்கு ஓரவஞ்சனை இல்லை." கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பினான். "தேத்தண்ணி நல்லாயிருந்தது அன்ரி."

பராசக்திக்குக் கொதி உச்சந்தலையில் ஏறியது. கடைசி என்று சொன்னதுகூடப் பரவாயில்லை. ஆறு வருசத்தை இரண்டு மிடறு தேத்தண்ணிக்குள் சொல்லி முடித்துவிட்டுப் போகிறானே, அதுதான்.

அவளுடைய புருசன் தியாகலிங்கம் கிணற்றடியில் இறைப்பு மிசினைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உண்மையிலை காய்ப்புக் குறைவோ?" என்றார்.

"நீங்களும் உவையோடை சேர்ந்திட்டியளே?"

"நான் கேக்கிறன். நீர் உமக்குப் பிடிச்ச பிள்ளையைக் கெட்டிக்காரன் எண்டுதான் சொல்லுவீர். பரீட்சைக்குப் போனால்தானே தெரியும்."

"பரீட்சைத்தாளைத் திருத்தினவன் கண்ணை மூடிக்கொண்டு திருத்தினால்?"

"கமராவுக்குக் கண்ணை மூடத் தெரியாது, இஞ்சாரும்."

"மிசினைப் பூட்டுங்கோ. வாயையும் சேர்த்துப் பூட்டுங்கோ."

வெயில் கொஞ்சம் தணிந்த பிறகு அவள் வாய்க்கால் வரம்பில் இறங்கி நடந்தாள். தண்ணி கட்டப் போகலாம், கன்றைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஆறாம் பாத்தியில் காய்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன. எட்டிலும் அப்படித்தான். அந்தக் கன்றுகளில் பூ ஓய்ந்துவிட்டது. ஏழாம் பாத்திக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏழாம் பாத்தி பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கொப்புக்குக் கொப்பு வெள்ளைப் பூ.

மிளகாய் வைக்கிற ஆருக்கும் தெரிந்த விசயம் இது. காயைக் கன்றில் விட்டால் கன்று பூப்பதை நிறுத்தும். காயைப் பிடுங்கினால் பிடுங்கப் பிடுங்கத் திரும்பப் பூக்கும். பங்குனி முற்றுகிற நேரம் ஒரு பாத்தி மட்டும் இப்படிப் பூக்கிறதென்றால், அதிலே ஆரோ கை வைத்திருக்கிறார்கள்.

கை வைத்ததில் ஒரு ஆள் ஆர் என்று பராசக்திக்கு நன்றாகத் தெரியும். அது அவள்தான்.

மாசிக் கடைசி வெள்ளி, ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அன்னதானம். முதல் காய் காய்த்தால் மடத்துச் சமையலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பக்கத்தில் ஒருவரும் தவறவிடாத வழக்கம். ஒன்பது கன்றில் ஒவ்வொன்றாக ஒன்பது பச்சைக் காய் பிடுங்கி வாழையிலையில் சுற்றிக் கொண்டுபோனாள். சாமிக்குக் கொடுக்கிறதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற "தொடுதல்" என்று அவள் நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நெஞ்சு கொஞ்சம் உறுத்தியது. புருசனுக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்பது காயால் ஒரு பாத்தி கடைசிக்குப் போகுமா? அவள் குந்தியிருந்து, கொப்பை மெல்ல விலக்கி, காம்பு கழன்ற தழும்புகளை எண்ணினாள். முதல் கன்றில் பதினொன்று. அடுத்ததில் ஏழு. அதற்கடுத்ததில் ஒன்பது.

நேரே வேலிக்குப் போனாள்.

"இரத்தினம்மா மச்சாள், உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். மறைக்காமல் சொல்லுங்கோ."

இரத்தினம்மா உலர்த்திய துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "கேள்."

"என்ரை மிளகாயிலை பிடுங்கினனீங்களோ?"

இரத்தினம்மா துணியைத் தோளில் போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "எடி பராசக்தி, எனக்கு அல்சர். பச்சை மிளகாயைக் கண்ணாலை பாத்தாலே வயிறு எரியும். நான் உப்பில்லாத கஞ்சி குடிச்சுக்கொண்டு கிடக்கிறன், நீ என்னைக் கள்ளி எண்டுறாய்."

"கள்ளி எண்டு நான் சொல்லேல்லை."

"வேறை என்னண்டு சொல்லுறது? சப்பறம் கட்டின பவிசிலை உனக்கு ஆள் தெரியேல்லை. போய் உன்ரை கொட்டிலுக்குப் பின்னாலை பார். என்ரை கோழி அங்கை போய்க் கிளறிப்போட்டு மிளகாய்க் காம்பை வாயிலை கவ்விக்கொண்டு வருகுது. கோழிக்குத் தெரியுது, உனக்கு உறைக்கேல்லை."

கொட்டில் என்பது தோட்டத்து மூலையில் திட்டத்துப் பிள்ளைகளுக்காக ஓலையால் போட்டுக் கொடுத்தது. சிவரூபன் பொறுப்பு. நிவேதனா கொம்பியூட்டர் பார்க்கிறவள். சுபாங்கன் வான் ஓட்டுகிறவன், கமராக் கண்ணாடியும் துடைப்பான். மூன்று பேரும் மத்தியானம் அங்கேதான் சோற்றுப் பார்சல் பிரிப்பார்கள்.

கொட்டிலுக்குப் பின்னால் பார்சல் தாள்கள் சுருண்டு கிடந்தன. அவற்றுக்கு இடையில், குப்பையாக, குவியலாக மிளகாய்க் காம்புகள். பராசக்தி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மற்ற இனங்களுக்குக் காம்பு நேராக இருக்கும். அவளுடையதுக்குத் தூண்டில் முள்ளுப்போல வளைந்திருக்கும். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வளைவு. காலால் கிளறினாள். எல்லாம் வளைவு.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிசம் காது இரண்டும் சுட்டது. தின்றவர்கள் தின்றுவிட்டு, காய்க்கவில்லை என்று எரிக்க ஆளும் பிடித்திருக்கிறார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். உண்ட பாத்திக்கு இரண்டகத்தை அன்றைக்குத்தான் கண்டாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவள் கொட்டிலுக்குள் போய், கேட்காமலே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். தியாகலிங்கமும் பின்னால் வந்து வாசலில் நின்றார், என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல்.

"தம்பி, கமரா எடுத்த படம் எல்லாம் கிடக்கோ?"

"எல்லாம் கிடக்கு அன்ரி. ஒண்டும் அழியாது," என்று சிவரூபன் பெருமையாகச் சொன்னான்.

"ஏழாம் பாத்தியின்ரை படம், மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்ததைக் காட்டும்."

நிவேதனா திறந்தாள். பன்னிரண்டு மணிப் படம் இருந்தது, இரண்டு மணிப் படம் இருந்தது. ஒரு மணிக்குப் பல நாட்களில் படமே இல்லை.

"எங்கை பிள்ளை மற்றது?"

"அது அன்ரி, ஆள், நாய், காகம் ஏதும் விழுந்த படத்தை அது தானாக் கழிச்சுப்போடும். எண்ணிக்கை பிழைச்சுப்போகும் எண்டு அப்பிடிச் செய்து வைச்சிருக்கு."

"கழிச்சது எங்கை போகுது?"

"வேறை ஒரு பெட்டிக்குள்ளை. ஒருத்தரும் அதைத் திறக்கிறேல்லை."

"திற."

"அன்ரி, அது தேவையில்லாத வேலை," என்றான் சிவரூபன். "கழிவுக்குள்ளை என்ன கிடக்கப்போகுது?"

அந்தப் பெட்டிக்குள் முதலில் வரப்போவது தன்னுடைய கைதான் என்று பராசக்திக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அந்தக் கை ஒருக்காலும் வெளியே வராது. ஆனால் கன்றும் இராது.

"முதல் படம் என்ரை கையாத்தான் இருக்கும். நானே சொல்லுறன்," என்றாள். "மாசிக் கடைசி வெள்ளி. ஒன்பது காய். பிள்ளையாருக்கு."

வாசலில் நின்ற தியாகலிங்கம், "எனக்குச் சொல்லேல்லையே நீர்," என்றார்.

"இப்ப சொல்லிப்போட்டன்தானே."

நிவேதனா திறந்தாள். முதல் படம் ஒரு ஆட்டுக்குட்டி. அடுத்தது ஒரு கை. இரண்டு வளையல், பச்சைச் சேலை நுனி, விரலுக்கு நடுவில் ஒரு காய். வேறு ஆருடைய கையும் இல்லை.

சிவரூபன் கதிரையில் நிமிர்ந்து இருந்தான். "பாருங்கோ. கையெழுத்து வைச்சுப்போட்டுக் கை வைச்சிருக்கிறியள். இதோடை கதை முடிஞ்சுது. தொட்ட பாத்தி கழிவு. இனி எண்ணிக்கையே தேவையில்லை."

"ஓம், கழிவு. அடுத்த படத்தையும் பாத்திட்டுச் சொல்லும்."

அடுத்த படத்தில் கறுப்புப் பட்டி போட்ட மணிக்கூட்டுக் கை. கொட்டிலில் இருந்தவர்கள் எல்லாரும் சுபாங்கனின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவன் கையை மெல்லப் பின்னால் எடுத்தான்.

அதற்கடுத்தது ஊதா நிறம் பூசிய நகம். நிவேதனா தன் விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு திரும்ப மணிக்கூட்டுக் கை. திரும்ப ஊதா நகம். அதற்கடுத்த படத்தில் ஒரு ஆளின் நடுமண்டையும் நீலச் சேட்டும். வலக்கையில் காய் மூன்று. இடக்கையில் பிரித்த பார்சல்.

சிவரூபன் அன்றைக்கும் அதே நீலச் சேட்டுத்தான் போட்டிருந்தான்.

வெளியே பத்து மணிக்குரிய ஓட்டத்துக்குக் கமராப் பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டு புறப்பட்டது.

"தின்னும்போது ருசியாயிருந்ததோ தம்பி?" என்று பராசக்தி கேட்டாள்.

"அன்ரி, அது ஒண்டு ரெண்டுதான்..."

"பிள்ளை, எண்ணு. எண்ணத் தெரிஞ்ச கொம்பியூட்டர்தானே. பன்னிரண்டு மணிக்கு எத்தனை காய் நிண்டது, ரெண்டு மணிக்கு எத்தனை நிண்டது. ஒவ்வொரு நாளும் கழிச்சுக் கூட்டு."

நிவேதனாவுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. தலை நிமிராமலே செய்தாள். கூட்டிக் கொண்டுவந்தபோது அவளுடைய குரல் கொட்டிலைத் தாண்டவில்லை. "முந்நூற்றுப் பத்து. உங்கடை ஒன்பதும் சேர்த்து."

"மற்றப் பாத்தியள்?"

"பாத்தனான் அன்ரி. மற்றப் பதினொண்டிலையும் ஒண்டும் குறையேல்லை. ஒருத்தரும் தொடேல்லை."

தியாகலிங்கம் வாசலில் இருந்து மெல்லச் சொன்னார். "முந்நூற்றுப் பத்தும் சேர்த்தால் எத்தினையாவது வரும் பிள்ளை?"

"நாலாவது, அங்கிள்."

பராசக்தி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்தார்.

சிவரூபன் தொண்டையைச் செருமினான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. திட்டத்தை நடத்துற பெரிய டொக்டருக்கு நான் ஒரு கடிதம் எழுதுறன். ஏழாம் பாத்தியிலை கிளிச் சேதம் எண்டு போடுவம். சேதப்பட்ட பாத்தியைப் பிடுங்கத் தேவையில்லை எண்டு ஒரு விதி கிடக்கு. உங்கடை கண்டும் தப்பும், ஒருத்தருக்கும் கரைச்சலும் இல்லை. உங்கடை கையும் வெளியிலை வராது அன்ரி."

நல்ல வழிதான். நாற்பது கன்றும் தப்பும், விதையும் வரும். வேறு ஆராக இருந்தாலும் சரி என்று தலையாட்டியிருப்பார்கள். தியாகலிங்கம் ஆட்டியே விட்டார்.

பராசக்திக்கு அந்தக் கிளியைக் கேட்டதும்தான் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது.

"என்ன கிளி? பார்சல் கட்டிக்கொண்டு வந்த கிளியோ? மணிக்கூடு கட்டின கிளியோ? கண்டறியாத கிளி. ஆறு வருசம் நான் ஒவ்வொரு கண்டாப் பாத்துக் கழிச்சனான். சுருளுறதைக் கழிச்சன், வாசம் இல்லாததைக் கழிச்சன். காய்க்கத் தொடங்கி ஒரு மாசத்துக்குள்ளை நீங்கள் பன்னிரண்டு பாத்தியிலை கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் தேடிப் பிடுங்கித் திண்டிருக்கிறியள். உங்கடை நாக்குத் தெரிஞ்செடுத்துது. உங்கடை மிசின் கழிச்சுது. இப்ப அதையும் ஒரு கிளியின்ரை தலையிலை கட்டப் பாக்கிறியள். கிளிச் சேதம் எண்டு எழுதினால் என்ரை மிளகாய் கிளி கொத்தின மிளகாய். அடுத்த வருசம் நிண்டாலும் அது காகிதத்திலை கிளி கொத்தினதுதான். எழுதும். நாங்கள் திண்டனாங்கள் எண்டு எழுதும்."

"அப்ப உங்கடை ஒன்பதையும் எழுதவேணும் அன்ரி."

"எழுதும். முதல் வரியிலை எழுதும். பராசக்தி, ஒன்பது காய், கோயிலுக்கு. அடுத்த வரியிலை நீங்கள், முந்நூற்றொண்டு, வயிற்றுக்கு."

சுபாங்கன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிவரூபன் எழுதத் தொடங்கினான். 'திட்டப் பணியாளர்களால் சில காய்கள் பயன்படுத்தப்பட்டிருக்கலாம்' என்று எழுதி வாசித்தான்.

"'சில' எண்டால் எத்தினை?"

'முந்நூற்றொரு காய்கள்' என்று மாற்றினான்.

"'இருக்கலாம்' எண்டால்? படத்திலை நீலச் சேட்டு இருக்கலாமோ, இருக்கோ?"

அதையும் மாற்றினான். "பேர் போடத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டான்.

"என்ரை பேர் கிடக்கோ?"

"கிடக்கு."

"அப்ப உங்கடையும் கிடக்கட்டும்."

நிவேதனா தன் பெயரைத் தானே தட்டினாள். சுபாங்கன், "என்ரை பேருக்கு 'ங்' போடவேணும் அண்ணை, போன முறை விட்டிட்டியள்," என்றான். கடைசியில் நிவேதனா ஒரு வரி தானாகச் சேர்த்தாள்: மற்றப் பதினொரு பாத்தியிலிருந்து ஒரு காயும் எடுக்கப்படவில்லை. படங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

பெரிய டொக்டர் கோபிசங்கர் பதினொன்றரைக்குத் தொலைபேசியில் வந்தார். சிவரூபன் அதை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கவிட்டான். டொக்டர் முதலில் நிறையக் கேட்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

"ஏன் ஏழிலை மட்டும்? பக்கத்திலைதானே ஆறும் எட்டும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சுபாங்கன் தொலைபேசிப் பக்கம் குனிந்தான். "சேர், மற்றதுகள் உறைக்கும், அவ்வளவுதான். இது கடிச்சாப் பிறகு சோறு இன்னும் கொஞ்சம் வேணும் எண்டு இருக்கும்."

"அதுக்கு எங்கடை அட்டவணையிலை கட்டம் இல்லை," என்றார் டொக்டர்.

"அப்ப ஒரு கட்டம் கீறுங்கோ," என்றாள் பராசக்தி.

"ஆர் கதைக்கிறது?"

"காணிக்காரி. ஒன்பது காய் பிடுங்கினவள்."

"நீங்களும் ஒப்பந்தத்தை மீறியிருக்கிறியள், அம்மா."

"ஓம், மீறினனான். உங்களுக்கு எழுதி அனுப்பச் சொன்னதும் நான்தான். கிளி எண்டு எழுதியிருந்தால் நீங்களும் நம்பியிருப்பியள்."

டொக்டருக்கு அந்தக் கிளி என்னவென்று விளங்கவில்லை. சிவரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் டொக்டர் சொன்னது இதுதான்: ஏழாம் பாத்தியைப் பிடுங்கத் தேவையில்லை. ஆனால் நாலாம் இடம் என்றும் போட ஏலாது. காய் பிடுங்கின கன்று திரும்பப் பூத்துக் கணக்கைக் குழப்பிவிட்டது. இந்த வருசம் ஏழுக்கு இடமும் இல்லை, கழிவும் இல்லை. பழுக்க விட்டு, விதையில் பாதி காணிக்காரிக்கு, பாதி திட்டத்துக்கு. அடுத்த போகம் திரும்ப வைத்துப் பார்க்கலாம்.

"இடமும் இல்லை, கழிவும் இல்லை எண்டால் என்ன அர்த்தம்?" பராசக்திக்குத் திரும்பவும் குரல் உயர்ந்தது. "திண்டது உவையள். இடம் இல்லாமல் போனது என்ரை மிளகாய்க்கோ?"

"வேறை வழியில்லை அம்மா. கணக்கு அப்பிடி."

"கணக்கு." அவள் அந்தச் சொல்லைப் புளியங்காய் கடித்ததுபோலச் சொன்னாள். "சரி, நிக்கட்டும். விதை முதல் என்ரை கைக்கு வரவேணும். பேந்துதான் உங்கடை பாதி. அதையும் அந்தக் கடிதத்தோடை சேர்த்து எழுதி அனுப்புங்கோ. வாய்க் கதை வேண்டாம்."

அனுப்புகிறேன் என்று சொல்லி டொக்டர் வைத்துவிட்டார். சிவரூபன் கூலிக்குச் சொன்ன ஆளுக்கு அழைத்து, நாளைக்கு வரவேண்டாம் என்றான். ஏன் என்று அந்த ஆள் கேட்டிருக்கவேண்டும். "ஒண்டுமில்லை, சும்மா," என்றான் சிவரூபன். பராசக்தி அவனைப் பார்த்த பார்வையில், "எங்களிலை பிழை," என்று சேர்த்துச் சொன்னான்.

தியாகலிங்கம் மெல்ல அருகில் வந்தார். "வாரும், வீட்டை போவம். கண்டு தப்பீட்டுதுதானே. இனியும் என்ன கொதி?"

"தப்பினதுக்காகக் கும்பிடச் சொல்லுறியளோ? பிடுங்காமல் விட்டதுக்கு நன்றியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"நல்லது. போய் மிசினைப் பூட்டுங்கோ."

அவர் போய்விட்டார். அவள் போகவில்லை. வெயில் ஏறி மத்தியானம் ஆகும் மட்டும் கொட்டிலுக்குள் அதே கதிரையில் இருந்தாள். ஒரு மணிக்கு மூன்று பேரும் பார்சல்களை மேசையில் வைத்துப் பிரித்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கொஞ்சம் சம்பல். ஒருத்தரும் வெளியே பார்க்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுபாங்கன்தான் தாங்காமல் கேட்டான்.

"அன்ரி, உங்கடை குசினியிலை ஒரு பச்சை மிளகாய் கிடக்கே? எந்த மிளகாயெண்டாலும் பரவாயில்லை."

"திருநெல்வேலிச் சந்தையிலை குவிச்சு வைச்சிருக்கு. வான் நிக்குதுதானே, போய் வாங்கு."

அவள் எழும்பினாள். கதிரையைக் கையில் தூக்கிக்கொண்டு வரம்பால் நடந்து ஏழாம் பாத்தியின் தலைமாட்டில் போட்டாள். சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தாள். வெள்ளைப் பூவெல்லாம் அவள் முழங்காலுக்கு நேரே நின்றது. மேலே கமராப் பெட்டி நாலாம் பாத்தியைத் தாண்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

கொட்டில் வாசலில் நிவேதனா சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "அன்ரி, கொஞ்சம் தள்ளி இருங்கோ. நீங்கள் படத்திலை விழுந்தால் அது கழிச்சுப்போடும்."

"கழிக்கட்டும் பிள்ளை," என்றாள் பராசக்தி. "நீங்கள் திண்டு முடியுமட்டும் நான் இதை விட்டு எழும்பமாட்டன்."